ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு வந்து சேராத சேதி

அன்புள்ள ஐயா,

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். சொந்த ஊர் கூடலூர். 9 வருஷம் இலையை உலர்த்தும் டிரையர் மெஷின் ஓட்டியவன், போன வருஷம்தான் இந்தப் பொறுப்புக்கு வந்தேன். ஷிஃப்டில் 22 பேர். பாதிக்கு மேல் கம்பம், கூடலூர்க்காரர்கள். மலையாளம் பேசுகிறவர்கள் நாலு பேர். மீதி ஜார்க்கண்ட் பையன்கள்.

நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. போன மாதம் ஒரு ராத்திரி, கொழுந்து வாட்டும் டிரஃப் (நீளத் தொட்டி) ஒன்றில் ஃபேன் நின்றுபோய் 2 மணி நேரம் யாரும் சொல்லவில்லை. நான் போய்க் கை வைத்துப் பார்க்கும்போது இலை சூடேறிச் சிவந்திருந்தது. மேனேஜர் என்னைக் கொச்சிக்கு டிரெயினிங் அனுப்பினார். தன்னை அறிந்து, யோசித்து நடக்கிற தலைவராக வேண்டும் என்றார்கள், நாலு கட்டம் போட்ட படம் காட்டினார்கள். வந்து டைரி எழுதினேன். எல்லாரையும் நிற்க வைத்து, "என்கிட்ட என்ன குறை, தைரியமா சொல்லுங்க" என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேர் போடாமல் பேப்பரில் எழுதச் சொன்னால் 'நல்லவர்' என்று எழுதித் தருகிறார்கள். எங்கே தப்பு?

பின்குறிப்பு: ஷிஃப்டில் ஒருவர் எனக்கு மச்சான் முறை. அது தனித் தலைவலி.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் டைரியில் தேடிய விவரத்தை அந்த ஃபேன் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2 மணி நேரம். கெட்ட சேதி ஒன்று நடந்த இடத்திலிருந்து உங்கள் காதுக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைவிட நேர்மையான அளவு ஒரு ஷிஃப்ட் நடத்துகிறவருக்குக் கிடைக்காது. நான் பொறுமைசாலியா, கோபக்காரனா, நியாயமானவனா என்று உட்கார்ந்து யோசித்தால் நம் மனசு நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். கடிகாரம் அப்படிச் சொல்லாது.

பறித்த இலையும் மூச்சு விடும், அது உங்களுக்குத் தெரியாததல்ல. காற்று நின்றால் அந்த மூச்சில் பிறக்கும் சூடு உள்ளேயே தங்கும். சதுர மீட்டருக்கு 25, 30 கிலோ பரப்பிய டிரஃபில் நடு அடுக்கு முதலில் வெந்துபோகும். ஃபேன் நின்றால் காதுக்குத் தெரியும், அந்தப் பக்கம் நடந்தவருக்கு மூக்குக்கும் தெரியும். ஆக, கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பார்த்தவர் ஒருவராவது இருப்பார். போய்ச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். 'நீ என்ன பண்ணிட்டு இருந்த?' என்பதுதான் கிடைக்கும் என்றால், எலக்ட்ரீஷியன் தானாக வந்து பார்க்கட்டும் என்று நகர்ந்துவிடுவது அவரளவில் புத்திசாலித்தனம்தான்.

டிரெயினிங்கில் காட்டிய படம் ஜோஹாரி சாளரம். ஜோசஃப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் வரைந்தது. ஜோ, ஹாரி என்ற இருவர் பேரையும் ஒட்டிவைத்த பெயர். படம் நல்ல படம். அதில் ஒரு கட்டம், மற்றவர்களுக்குத் தெரியும் நமக்குத் தெரியாது என்பது. அதை நாம் தனியாக உட்கார்ந்து நிரப்ப முடியாது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, போய் டைரி எழுதுங்கள் என்று அனுப்புவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பேப்பர் விவகாரத்துக்கு வருகிறேன். 22 பேர் கொண்ட ஷிஃப்டில் பேர் போடாத பேப்பர் என்று ஒன்று கிடையாது. மலையாளத்தில் எழுதினால் நாலு பேரில் ஒருவர். இந்தியில் எழுதினால் யார் என்பது அதைவிட லேசு. தமிழில் எழுதினாலும் லீவு லெட்டரில் பார்த்த கையெழுத்து. இது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'நல்லவர்' என்று எழுதினார்களே, அது பதில் சொல்ல மறுப்பதற்கு மரியாதையான வழி.

வரிசையில் நிற்க வைத்துக் குறை கேட்டது இன்னும் மோசம். முதலில் வாய் திறக்கிறவர் மற்ற 21 பேர் முன்னால் தலைவரைக் குறை சொன்னவர் ஆகிவிடுவார். போகட்டும், யாராவது தைரியமாகச் சொல்லியே இருந்தாலும் உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது. 1996-இல் க்ளூகர், டெனிஸி என்ற இருவர், வேலையைப் பற்றி ஆட்களுக்குக் கருத்துச் சொல்வதால் என்ன ஆகிறது என்று பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமானது. கவனம் வேலையை விட்டு ஆள்மீது திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் 'நான் எப்படி' என்று கேட்காதீர்கள். முந்தைய நாள் வேலையைப் பற்றி, ஒருவரிடம், தனியாகக் கேளுங்கள். "நேத்து கொழுந்து லாரி லேட்டா வந்தப்ப நான் ஒரு ஏற்பாடு பண்ணேன்ல, அடுத்த தடவை அதுல எதை மாத்தலாம்?" இதற்குப் பதில் சொல்வதில் யாருக்கும் ஆபத்தில்லை. சொல்வது லாரியைப் பற்றி. அதற்குள் உங்களைப் பற்றியும் இருக்கும். தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங்கில் இருக்கும் பெண்களிடம் பேசுவதானால் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள், நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் மெஷின் பக்கம் நின்றே பேசுங்கள்.

பதில் வந்ததும் விளக்கம் சொல்லத் தோன்றும். 'இல்லப்பா, அன்னைக்கு மேனேஜர்தான்...' என்று ஆரம்பித்தால் அத்தோடு கதை முடிந்தது. குறித்துக்கொள்ளுங்கள், சரி என்று சொல்லுங்கள், 3 நாளுக்குள் அதில் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். செய்ய முடியாததானால் ஏன் முடியாது என்பதை அதே ஆளிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்னது எங்கேயோ போய் விழுந்தது என்று அவர் நினைத்துவிட்டால் அடுத்த முறை அவரும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்பார்.

டைரியை நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கோளாறு, சேதாரம், சண்டை எது நடந்தாலும் ஒரே வரி. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எனக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது (யாராவது வந்து சொன்னார்களா, நானே போய்ப் பார்த்தேனா). கடைசியாக, கேட்டவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம். அதை வந்தபடியே எழுத வேண்டும். 'கொஞ்சம் கண்டித்தேன்' என்று எழுதினால் வீண். 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு' என்று கேட்டிருந்தால் அதையே எழுதுங்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் வாக்கியம் தானாகவே பதமாகிவிடும். ஆட்கள் பேர் வேண்டாம், மெஷின் பேர் போதும். நோட்டு யார் கையிலாவது சிக்கினால் குற்றப்பத்திரிகை ஆகிவிடக் கூடாது.

2 வாரம், அதாவது ஒரு 12 ஷிஃப்ட், எழுதிவிட்டு ஒரே மூச்சில் படியுங்கள். எந்த நேரத்தில் எந்த வாக்கியம் வருகிறது என்பது தெரிந்துவிடும். மேனேஜர் ஃபோன் வந்துபோன அரைமணி நேரத்தில்தான் முக்கால்வாசி கடுஞ்சொல் என்று இருக்கலாம். விடியற்காலை 3 மணிக்கு மேல் என்று இருக்கலாம். டிரையர்காரர்களிடம் மட்டும் என்று இருக்கலாம், அது நீங்களே 9 வருஷம் செய்த வேலை என்பதால். எது வந்தாலும் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்ற சபதம் வேண்டாம். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்ட திட்டம் வெறும் சபதத்தைவிட நிற்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு அது இப்படி இருக்கலாம்: மேனேஜர் ஃபோனை வைத்ததும் ஆட்கள் பக்கம் போவதில்லை, நேரே டிரையர் தெர்மாமீட்டரைப் பார்த்து ரெஜிஸ்டரில் குறித்துவிட்டுத்தான் மற்றது. யாராவது கெட்ட சேதியோடு வந்தால் முதல் கேள்வி 'எங்க, எப்ப இருந்து?' 'யாரு?' என்பது அன்றைக்கு வேலை முடியும்வரை வாயில் வரக் கூடாது.

நீங்கள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது என்றீர்கள். எப்போதெல்லாம் உள்ளே போகிறீர்கள்? ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் போகிறவரானால், உங்கள் செருப்புச் சத்தமே திட்டுக்கு முன்னறிவிப்பு. 8 மணி நேரத்தில் மூன்று சுற்று, ஒன்றுமே ஆகாத நாளிலும். ஏறினவுடன் ஒன்று, சிடிசி (வாட்டிய இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் மெஷின்) ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று, இறங்குவதற்கு முன்னால் ஒன்று. சுற்றும்போது 'எல்லாம் சரிதானே?' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. 'எந்த மோட்டார் சத்தம் வேற மாதிரி கேக்குது?' என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறு, ஏழில் யாராவது ஆரம்பிப்பார்கள். பலரும் மூன்றிலேயே பொறுமை இழந்து தாங்களே பேசிவிடுகிறார்கள்.

ஜார்க்கண்ட் பையன்களிடம் தலையாட்டலை நம்பாதீர்கள். சொன்னதில் முதலில் எதைச் செய்யப் போகிறான் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நான் ஊர், மொழி பார்ப்பதில்லை என்று எல்லாரும்தான் நினைத்துக்கொள்கிறோம். கடந்த 4 வாரத்து டூட்டி ரெஜிஸ்டரை எடுத்து, கொழுந்து மூட்டை இறக்குவது, சிடிசி கழுவுவது, ஞாயிற்றுக்கிழமை என்று ஆள் விரும்பாத வேலைகளுக்கு மட்டும் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் கோடு போடுங்கள். ஓவர்டைமுக்குத் தனியாக. கூடலூர்க்காரர்களுக்கு எத்தனை கோடு, மற்றவர்களுக்கு எத்தனை என்று எண்ண 10 நிமிஷம் ஆகும். அந்த எண்ணிக்கையை 22 பேரும் ஏற்கெனவே மனசில் வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால் 2015 செப்டம்பரை நினைத்துப்பாருங்கள். போனஸ் விவகாரத்தில் மூணாறு ரோட்டில் தேயிலைத் தோட்டப் பெண்கள் உட்கார்ந்தபோது, பல வருஷமாக அவர்கள் சார்பில் பேசிவந்த யூனியன் தலைவர்களையே கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று அவர்கள் அமைப்புக்குப் பேர் வந்தது அதற்குப் பிறகு. அந்தக் கோபம் அந்த வாரம் முளைத்ததல்ல. லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) திண்ணையில் வருஷக்கணக்காகப் பேசியது ஒன்றும் மேலே போய்ச் சேரவில்லை, ஒரே நாளில் ரோட்டுக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. இப்படி நடந்துகொள்ள ஆரம்பித்தால் முதல் இரண்டு மாதம் உங்கள் ஷிஃப்டில் கோளாறு கூடியதுபோல் தெரியும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணிப் பார்த்து 1996-இல் எழுதினார். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே சொல்ல முடிந்தது, சொன்னார்கள். இதை மேனேஜரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாத ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் உங்களை மறுபடி கொச்சிக்கு அனுப்புவார்.

கேட்டுக் கேட்டு நடப்பதற்கும் எல்லை உண்டு. ஓடுகிற சிடிசி ரோலரில் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு எவனாவது கை விட்டால் அங்கே கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது. கத்துங்கள், ஸ்விட்சை அணையுங்கள். ஏன் கத்தினேன் என்று அரைமணி கழித்து டீ குடிக்கும்போது சொல்லலாம்.

மச்சான் விஷயம். அவர் உங்களுக்குச் செய்யும் கெடுதல் வேலை செய்யாமல் இருப்பதல்ல (செய்கிறாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை). யார் என்ன பேசினார்கள் என்று வீட்டில் வந்து சொல்வாரே, அதுதான். அது வசதியாக இருக்கும், கேட்கவும் ருசியாக இருக்கும். ஆனால் சேதி அந்த வழியாகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மற்றவர்கள் அவர் முன்னாலும் பேச மாட்டார்கள், உங்களிடமும் வர மாட்டார்கள். அடுத்த முறை ஆரம்பிக்கும்போது, "மாப்ள, மெஷினைப் பத்தி இருந்தா ஷிஃப்ட்லயே சொல்லு, ஆளுங்களைப் பத்தி வேணாம்" என்று நிறுத்துங்கள். ஃபேக்டரிக்குள் அவரும் மற்றவர்கள் கூப்பிடுகிறபடியே கூப்பிடட்டும். அவருடைய லீவையும் ஓவர்டைமையும் அடுத்த ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள், அவர் பக்கத்துச் சொந்தக்காரருக்கு நீங்கள் போடலாம். வீட்டில் தங்கச்சி ஒரு மாதம் முகம் திருப்பிக்கொண்டு போவார். அதற்கு என்னிடம் மருந்தில்லை.