தோள் ஆபரேஷன்: நள்ளிரவில் வந்த வலி

காலையில் தோளில் சாவித்துளை ஆபரேஷன், மாலையே வீடு. அதுவரை சிரித்துப் பேசிய அப்பா நள்ளிரவில் துடித்துப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் விட்டுவிடும். அப்போது வலி மொத்தமாக வந்து நிற்கும். அதனால் வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், சீட்டில் உள்ள மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், தூக்கத்தில் எழுப்பியாவது. ஆனால் டோலோ, அல்ட்ராசெட் மாத்திரைகள் இரண்டிலுமே பாராசிட்டமால் என்ற ஒரே வலி மருந்து இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு என் அம்மாவுக்கு மல்லாந்து படுத்தாலே வலியில் உயிர் போகும். சாய்வு நாற்காலியில், முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து மூன்று இரவு தூங்கினார். ஐஸை வெறுமனே வைக்காமல் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்தோம். மூச்சு முட்டினாலோ விரல் நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.