சாப்பாடும் உடற்பயிற்சியும் சரியாக இருந்தால் நோய் வராதுதானே? பலர் ஏன் இதில் அக்கறை எடுப்பதில்லை?

கேள்வியின் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அந்த ‘அக்கறை’தான் எழுத உட்கார வைத்தது.

நீங்கள் ஏதோ ஒரு நகரத்தில் நாற்காலி வேலையில் இருப்பவர், நடக்கப் பக்கத்தில் பூங்கா உண்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் சொல்வது உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். நன்றாக நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் அம்மா ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் கடற்பாசி எடுக்கிறவர். விடிவதற்கு முன்னால் பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு மற்ற பெண்களோடு வள்ளத்தில் ஏறினால் தீவுப் பக்கம் போய்க் கடலில் இறங்குவார்கள். கண்ணாடியை மாட்டி, விரலுக்கெல்லாம் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்க்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் முங்க வேண்டும். கரை திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை உப்பு ஊறிய அதே ஈரத்துணிதான்.

இத்தனை வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். வள்ளத்தில் அது கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் அங்கே இறங்கினால் வனத்துறைத் தொல்லை. சரி, வீட்டில்? அரசுத் திட்டத்தில் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் கரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் வந்ததுதான். வராத நாளில் ஊற்றில் சிரட்டையால் கோரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்துக் குடம் வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கழிப்பறையில் யார் ஊற்றுவார்கள்? அதில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. பெண்கள் இருட்டிய பிறகு கருவேலங்காட்டுக்குத்தான் போகிறார்கள். அதனால் பகலெல்லாம் தாகத்தை அடக்கிப் பழகிவிட்டார்கள்.

அம்மாவுக்கு வந்தது சிறுநீரகக் கல். கூடவே விட்டு விட்டு வரும் நீர்க்கடுப்பும் காய்ச்சலும். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். மருத்துவர் நல்ல மனிதர், குறை சொல்ல வரவில்லை. “ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்கம்மா. காலையில கொஞ்சம் வாக்கிங் போங்க, உடம்புல அசைவு வேணும்” என்றார். அம்மா “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் கேட்டார்: “வாக்கிங் எப்ப போவ? முங்கப் போறதுக்கு முன்னாடியா, வந்த பெறகா?”

சிறுநீரை கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அதில் கிருமியை வளர்க்கும் தட்டில் இருப்பது அகார். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. 1881-இல் ஃபானி ஹெஸ் என்கிற பெண்மணி யோசனை சொல்லி, கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த பொருள். எங்கள் ஊர் மரிக்கொழுந்திலும் அகார்தான் எடுக்கிறார்கள். அந்தத் தட்டில் இருந்தது அம்மா பிய்த்த பாசியேதான் என்று கதை விட மாட்டேன். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது அந்த நினைப்பு வராமல் இல்லை.

நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் இல்லை, உடல், மனம், சமூகம் மூன்றிலும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமே சொல்கிறது. மூன்றாவதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம். இதெல்லாம் ஏழைகளின் சாக்கு என்று நினைப்பவர்கள் 1967-இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைத் தேடிப் படியுங்கள். ஆய்வில் இருந்த எல்லோருமே அரசு ஊழியர்கள், எல்லோருக்கும் இலவச மருத்துவம் உண்டு. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிடப் பல மடங்கு அதிகமாக மாரடைப்பில் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இன்னொன்று. கேள்விக்குத் தொடர்பில்லை என்பீர்கள், இருக்கட்டும். எந்த ஆபீசாக இருந்தாலும், எந்தப் படமாக இருந்தாலும், “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்றால் எங்கள் மாவட்டம்தான். நாங்கள் என்ன, அடுத்தவனுக்குத் தண்டனையா? தண்டனை என்று வந்து சேருகிறவர் வந்த அன்றைக்கே திரும்பிப் போக வழி தேடுகிறார். அவர் பொறுப்பில் இருக்கிற குழாய் எப்படி ஒழுங்காக ஓடும்? 2022-இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அதற்குச் சந்தோஷம். அங்கே படித்து வருகிற பிள்ளைகளாவது இங்கேயே தங்கினால் சரி.

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போடுகிறேன், தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று இல்லையா என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். அவர்களுக்கு: அம்மா வெற்றிலை போடுவதில்லை. பொரித்த பண்டம் தீபாவளிக்குத்தான். தினமும் மீன், எட்டு மணிக்கெல்லாம் தூக்கம். இன்னும் அவர் எதில் அக்கறை எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிப் போடுங்கள், ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவரே பதில் சொல்வார்.