கைபேசிப் படங்கள் கணினியில் தெரியவில்லையே?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பையும் உள்முற்றமான வளவையும் ஆத்தங்குடிக் கல் தளத்தையும் நிலைக்கதவின் மரவேலைப்பாட்டையும் ஆண்ட்ராய்டு கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். கேபிளால் விண்டோஸ் கணினியுடன் இணைத்தால் சார்ஜ் ஏறுகிறதே தவிர, படங்கள் தெரியவில்லை. என்ன செய்வது?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: இது பழுதன்று. உங்கள் அனுமதியின்றி எந்தக் கணினியும் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே, இணைத்தவுடன் சார்ஜ் மட்டும் ஏறும்படி ஆண்ட்ராய்டு அமைக்கப்பட்டுள்ளது. கைபேசியின் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து, யூஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறிவிப்பே வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும்.

பிறகு கணினியில் கைபேசியின் பெயரைத் திறந்து, 'டிசிஐஎம்' (DCIM) கோப்புறைக்குள் இருக்கும் 'கேமரா' கோப்புறையை நகலெடுங்கள். 'கட்' செய்ய வேண்டாம். இடையில் கேபிள் கழன்றால் படங்களை இழக்க நேரலாம். கணினியில் அவை ஒழுங்காகத் திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பின்னரே கைபேசியிலிருந்து நீக்குங்கள்.

வாட்ஸ்அப் வழியாக அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, நீங்கள் பாதுகாக்க விரும்பும் மரவேலைப்பாட்டின் நுணுக்கமே மங்கிவிடும். வேறு வழியில்லையென்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.