ஜனவரியில் வேண்டாம், ஏப்ரலில் போங்கள்: கூபர் பீடிக்கு ஒரு பயணத் திட்டம்

கேள்வி: நானும் என் கணவரும் நவம்பரிலிருந்து ஏப்ரல் கடைசிவரை மெல்பர்னில் மகள் வீட்டில் தங்கப்போகிறோம். மண்ணுக்கு அடியில் வீடு கட்டி வாழும் கூபர் பீடி என்ற பாலைவன ஊரைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. மருமகனுக்கு ஜனவரியில் ஐந்து நாள் லீவு கிடைக்கும், அப்போது காரில் போகலாம் என்கிறார். கணவருக்கு 66 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் ஜனவரியில் வேண்டாம். அங்கே ஜனவரியில் பகல் வெப்பத்தின் சராசரியே 36 டிகிரிக்கு மேல். 45-ஐத் தொடும் நாள்களும் உண்டு. வழியில் கார் நின்றுவிட்டால் ஒதுங்க ஒரு மரநிழல்கூட இருக்காது, நெடுந்தூரத்துக்கு போன் சிக்னலும் கிடைக்காது. இன்சுலின் போடும் ஒருவரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. ஏப்ரலில் அதே ஊரில் பகலில் 28 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். நீங்கள் ஆறு மாதம் தங்குகிறீர்கள் என்பதுதான் உங்களுக்குள்ள பெரிய வசதி. மருமகனின் லீவை ஏப்ரலுக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். ஈஸ்டர் வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது அறை கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், ஐந்து நாள் போதாது, ஆறு நாளாவது வேண்டும். மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு விமானத்தில் போய் அங்கே கார் வாடகைக்கு எடுங்கள். அடிலெய்டிலிருந்து கூபர் பீடி சுமார் 850 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் ஓட்டவே கூடாது. முதல் நாள் போர்ட் அகஸ்டா வரை, சுமார் 310 கிலோமீட்டர், போய்த் தங்குங்கள். மறுநாள் காலை கிளம்பினால் மீதி 540 கிலோமீட்டரை வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். பொழுது சாய்ந்தபின் கங்காருவும் ஈமுவும் ரோட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

போர்ட் அகஸ்டாவிலிருந்து போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்க தார் ரோடு, சாதாரண கார் போதும். கவனிக்க வேண்டியது பெட்ரோல். வழியில் வரும் கிளெண்டாம்போ என்ற சிற்றூரை விட்டால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. அரை டேங்க் இருந்தாலும் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது காரில் இருக்கட்டும். எதிரே ரோடு ட்ரெயின் வரும், 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாரித் தொடர் அது. முந்துவதற்கு அவசரப்படாமல் நீண்ட நேர் ரோடு வரும்வரை மருமகன் பொறுத்திருக்க வேண்டும். வழியில் ஹார்ட் ஏரி என்ற உப்பு ஏரி வரும். அங்கே இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளுங்கள், அந்த வெண்மை அவ்வளவு அழகு. கார் பழுதானால் யாரும் காரை விட்டு நடந்து போகக் கூடாது. இதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடிலெய்டிலிருந்து பஸ்ஸும் உண்டு. ஏறத்தாழ பதினோரு மணி நேரம், இரவு முழுக்க ஓடும். இளைஞர்களுக்குச் சரி, உங்கள் கணவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்சுலினைக் குளிர்ப் பையில், ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிஷம்கூட விட்டுவிடாதீர்கள். நிலத்தடி அறைகள் வருஷம் முழுக்க 23 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும், திறந்த இன்சுலின்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். திறக்காதது ஃபிரிட்ஜில்தான். சிறிய மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் நோயாளியை விமானத்தில்தான் நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மருத்துவ உடன்பாடு கிடையாது. ஆகவே இந்தியாவிலிருந்து எடுக்கும் பயணக் காப்பீட்டில் அவருடைய சர்க்கரை நோயும் அவசர விமான மாற்றமும் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, பொடி எடுத்துக்கொண்டு சமையல் வசதியுள்ள அறையாகப் பிடியுங்கள். ஆனால் மகள் வீட்டுத் தக்காளியும் பச்சைமிளகாயும் பழமும் வேண்டாம். பழ ஈ பரவாமல் இருக்க அவற்றை, அடிலெய்டும் கூபர் பீடியும் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு, மீறினால் அபராதம். போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளலாம்.

1915-இல் தங்கம் தேடிவந்த ஒரு குழுவில் இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் கண்ணில்தான் ஓப்பல் என்ற ரத்தினக் கல் இங்கே முதலில் பட்டது. அதைத் தோண்ட வந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து குன்றைக் குடைந்து வீடு கட்டினார்கள். இன்றும் பல வீடுகளும் சில தேவாலயங்களும் ஓட்டல்களும் பாறைக்குள்தான். அறையில் ஜன்னல் இருக்காது, காற்றுக்குக் குழாய் இருக்கும். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இரவில் எழுந்திருப்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். ‘ஓடாதீர்கள், பின்னோக்கி நடக்காதீர்கள்’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். போட்டோவுக்காகப் பின்னால் நகர்வதுதான் அங்கே ஆபத்து. வண்ணக் குன்றுகள் நிற்கும் பிரேக்அவேஸுக்கு மண் ரோட்டில் போக வேண்டும், வாடகைக் காரின் காப்பீடு அதற்குப் பொருந்தாமல் போகலாம். உள்ளூர் சுற்றுலா வண்டியில் மாலையில் போய் வாருங்கள்.

ஏப்ரலில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் ஓப்பல் வாங்கி, 60 நாளுக்குள் நாட்டை விட்டுப் புறப்பட்டால் ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். ஜனவரியில் வாங்கிய ஓப்பலுக்கு அது கிடைக்காது. வாங்கும்போது கல் முழுக்க ஓப்பலா, அல்லது மெல்லிய ஓப்பலை வேறு கல்லில் ஒட்டிய ‘டப்லெட்’டா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். பில் 1,000 டாலருக்கு மேல் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அதில் இருக்க வேண்டும். கல்லைக் கைப்பையிலேயே வையுங்கள், விமான நிலையத்தில் காட்டச் சொல்வார்கள்.