மான் வத்தல் வேண்டாம் அம்மா

கேள்வி: நத்தாருக்கு லண்டனில் இருக்கிற மகள் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறேன். மருமகன் மான் வத்தல் கேட்கிறார். நெய், கருவாடு, தேன், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக்கொண்டு போகலாம், ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நகையை அடைவு வைத்தாவது பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம், சாமான் வாங்கிக்கொண்டு போகவா?
- முல்லைத்தீவு வாசகி

பதில்: மான் வத்தல் வேண்டாம். லண்டனில் பிடிபடுவது இருக்கட்டும், இங்கேயே மானைச் சுடுவதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றம். இறைச்சியைத் தேனில் ஊறப்போட்டு விருந்தாளிக்கு எடுத்து வைத்தவர்கள் வன்னி ஆட்கள்தான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. மருமகனிடம் நேராகவே சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

ஆடு, மாடு, கோழி எதுவானாலும் இலங்கையிலிருந்து இறைச்சியைப் பிரித்தானியாவுக்குள் பயணிகள் கொண்டுபோக முடியாது. பாலும் நெய்யும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலைக்கு விதி என்ன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவர் விமான நிலையத்தில் உங்களோடு வந்து நிற்கப்போவதில்லை. மீனுக்கு வழி இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை விடுவார்கள், கருவாடும் அதற்குள் அடக்கம். தேன் 2 கிலோ. கருவாட்டை மட்டும் மணம் வெளியே வராமல் இரண்டு மூன்று பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

நகையைத் தொடாதீர்கள். கடிதத்தில் அந்த வரியை வாசித்தபோது உண்மையிலேயே மனம் கஷ்டப்பட்டது. டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்பிளிப் பக்கம் நம் தமிழ்க் கடைகள் நிறைய இருக்கின்றன. முறுக்கு, அரிசிமா, மரவள்ளிக்கிழங்கு, கணவாய், ஏன், அந்தக் கறிவேப்பிலைகூட அங்கே வாங்கலாம். வாங்க முடியாதது நீங்கள் வறுத்து இடிக்கிற தூள். அதைக் கொண்டுபோங்கள். பயத்தம் பணியாரம் சுட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ரவை வறுத்து, பிளம்ஸும் கஜுவும் சௌசௌவும் பொடியாக வெட்டிப் போட்டுச் செய்கிற நம் நத்தார் கேக். கிரீம் பூசாத கேக்குக்குத் தடை இல்லை. நவம்பர் கடைசியிலேயே சுட்டு எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்தால் போகும்போது பதமாக ஊறியிருக்கும்.

அங்கே வான்கோழி வைப்பார்கள். ருசி இல்லை என்று ஒதுக்காதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் நத்தார்ச் சாப்பாடு. உறைய வைத்த வான்கோழி என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளகவிட வேண்டும், கிலோவுக்கு 10, 12 மணித்தியாலம் பிடிக்கும். 5 கிலோவுக்கு இரண்டு நாளுக்கு மேல். இளகியதும் கீறி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் உங்கள் தூளும் பூசி ஓர் இரவு வையுங்கள். மிச்சத்தை மகள் ஓவன் அடுப்பில் பார்த்துக்கொள்வாள். மின்ஸ் பை தந்தால் பெயரைக் கேட்டு இறைச்சி என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது உலர்ந்த பழங்கள்.

கடை வேலையை 23ஆம் திகதிக்குள் முடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் நத்தார் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லண்டனில் அன்று பஸ்ஸும் ரயிலும் ஓடாது. பூசைக்குக் காரில் கூட்டிப்போக ஆளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

26ஆம் திகதியும் அங்கே விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். 2004இல் அந்த நாளில் கடல் நம் முல்லைத்தீவை என்ன செய்தது என்று மகள் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நீங்கள் சொல்லுங்கள். காலை 9.25க்கு இங்கே நாங்கள் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கும்போது அங்கே அதிகாலை 3.55. பெட்டியில் ஒரு மெழுகுதிரி வைத்துக்கொள்ளுங்கள். மகளையும் எழுப்புங்கள்.