பி.எஸ்.ஏ. வேறு, பி.எஸ்.எம்.ஏ. வேறு

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, மூன்று வருடமாக ஹார்மோன் ஊசி போடுகிறோம். கீமோவும் முடிந்தது. இப்போது ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு மறுபடி 38-க்கு ஏறிவிட்டது. கொச்சி டாக்டர் 'பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன்' எடுக்கச் சொல்கிறார். பி.எஸ்.ஏ.தான் அடிக்கடி பார்க்கிறோமே, ஓர் எழுத்து கூடியதற்கா இவ்வளவு செலவு?
- வாசகர், வண்டன்மேடு

பதில்: அந்த ஓர் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. வண்டன்மேட்டுக்காரருக்கு ஏலக்காயை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்டோருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசம்தான் பி.எஸ்.ஏ. செல்லிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. சரக்கு கூடியிருப்பதைச் சொல்லும், எந்த மூலையில் என்று சொல்லாது. வாசத்தைப் பிடித்து மூட்டையைத் தூக்க முடியுமா?

பி.எஸ்.எம்.ஏ. (புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் மெம்பரேன் ஆன்டிஜென்) காயின் தோல் மாதிரி. செல்லின் மேலுறையிலேயே நிற்கும் புரதம். புராஸ்டேட் புற்றுச் செல்களில் பெரும்பாலும் ஏராளமாக இருக்கும். அதைத் தேடிப்போய்ப் பற்றும் ஒரு மூலக்கூறில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டி ஊசி போட்டால், நோய் இருக்குமிடம் ஸ்கேனில் ஒளிரும். அதேபோன்ற மூலக்கூறில் லூட்டீசியம்-177 என்ற வேறொரு கதிரியக்கப் பொருளைக் கட்டினால் அதுவே மருந்து. கதிர்வீச்சு அந்தச் செல்லருகே போய் வேலை செய்யும். ஆக, மருந்துக்கு அப்பா உடம்பில் பிடிமானம் உண்டா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

பலன்? உங்கள் அப்பா மாதிரி ஹார்மோனும் கீமோவும் கடந்த 831 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு லூட்டீசியமும் பெற்றவர்களில் பாதிப்பேர் 15.3 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், பெறாதவர்களில் பாதிப்பேர் 11.3 மாதத்துக்கு மேல். நோயை அடியோடு ஒழிக்கும் மருந்தல்ல, ஆனால் நாலு மாதம் சின்ன விஷயமில்லை.

குமுளியிலிருந்து மலையிறங்கி கம்பத்தில் என் கிளினிக்குக்கு வந்த ஒருவர், ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "தாடைக்கும் போயிடுச்சா சார்?" என்று கேட்டார். கை நடுங்கியது. இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிந்தவை உமிழ்நீர்ச் சுரப்பிகள்! பெயரில்தான் புராஸ்டேட், பி.எஸ்.எம்.ஏ. சிறுநீரகத்திலும் உண்டு, உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளும் அந்த மருந்தை இழுக்கும். அதனால்தான் ஆய்வில் மருந்து பெற்றவர்களில் சுமார் 39% பேருக்கு வாய் உலர்ந்தது. ரத்த அணுக்களும் குறையலாம், ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ரத்தம் பார்ப்பார்கள். மருந்து சிறுநீரில் வெளியேறும் என்பதால் சில நாள் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது, எத்தனை நாள் என்பதை மருத்துவமனையில் சொல்வார்கள்.

ஸ்கேன் வந்ததும் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "எல்லா இடத்து நோயும் ஒளிர்கிறதா, ஒளிராத கட்டியும் இருக்கிறதா?" ஒளிராத கட்டியை இந்த மருந்து தொடாது.