குட்டி சிக்லிட்களுடன் வளர்க்க எந்த வேட்டை மீன் பொருத்தம்?

ஆப்பிரிக்கன் பட்டர்ஃப்ளை. அவசரக்காரர்களுக்கு இது போதும்.

உங்களிடம் ரமிரெசி அல்லது அபிஸ்டோகிராமா போன்ற, வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் சிக்லிட் மீன் சோடி இருக்கிறது, தொட்டி மூன்றடிதான், மீன்கள் எல்லாம் அடியிலேயே திரிவதால் மேல்பாதி வெறுமையாகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டை மீன் என்றதும் சாதுவா, சண்டைக்காரனா என்றுதான் எல்லோரும் விசாரிப்பார்கள். எவ்வளவு பெரிய வாய், தொட்டியில் எந்த மட்டத்தில் நிற்கும் என்று கேளுங்கள். வளர்ந்த ரமிரெசியே இரண்டு அங்குலம்தான். பெரிதாக வளரும் ஆஸ்கார் மீன் பேச்சுக்கே இடமில்லை. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்ப் பக்கம் விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டமாய்த் திரியும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். தொட்டியில் விடாதீர்கள். லீஃப் ஃபிஷ் சிறியதுதானே என்பீர்கள். இலை போல அசையாமல் மிதந்துகொண்டிருந்து வாயைக் குழாய் மாதிரி நீட்டி விழுங்கிவிடும்.

எனக்கும் இங்கே கடையில் அரோவானாக் குஞ்சைத்தான் நீட்டினார்கள். "தொட்டிக்கு ஏத்த மாதிரித்தான் இது வளரும் அண்ணே" என்றார் கடைக்காரர். வெள்ளி அரோவானா மூன்றடி வரை போகும் மீன்! கும்பிடு போட்டுவிட்டு வந்து, தெரிந்தவர் மூலம் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஒட்சிசன் பையில் பட்டர்ஃப்ளையை எடுப்பித்தேன்.

நாலைந்து அங்குல மீன். வாய் மேல்நோக்கியே இருக்கும், நீர்மட்டத்தோடு ஒட்டி நின்று விழுகிற பூச்சியைப் பிடிக்கும். அடியில் நடப்பதைக் கவனிப்பது அபூர்வம். சிக்லிட்டுக்கு மூழ்கும் தீனி மட்டும் போடுங்கள், அவை மேலே ஏறி வரத் தேவையில்லை. கப்பி, நியான் மாதிரிச் சின்ன மீன்கள் இருந்தால் இதற்கு இரையாகிவிடும், பிறகு என்னைத் திட்டாதீர்கள். மூடி கட்டாயம், நன்றாகப் பாயும். உலர்தீனியைப் பெரும்பாலும் தொடாது. வெட்டுக்கிளி, சின்னக் கரப்பான், மழைக்குப் பிறகு ஈசல் எல்லாம் கொடுக்கலாம். நுளம்புக்கு மருந்தடித்த வீட்டுப் பூச்சி மட்டும் வேண்டாம், அந்த மருந்துகளில் பல மீனுக்கு நஞ்சு.

சிக்லிட், பட்டர்ஃப்ளை இரண்டுக்கும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்மையான தண்ணீர் பிடிக்கும், ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலே வெள்ளை பிடித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பீப்பாய்களில் மழைத்தண்ணீர் பிடித்துவைத்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, வாதுமைச் சருகு போட்டு வைத்திருக்கிறேன். ரமிரெசி கேட்கிற 28 பாகை வெப்பத்தை இந்த ஊர் சும்மாவே தருகிறது, ஹீட்டர் தேவைப்படவில்லை.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பம்ப் நின்று ரமிரெசிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. பட்டர்ஃப்ளை காற்றையும் சுவாசிக்கும், அது பாட்டுக்கு நின்றது. நானும் மனைவியும் மாறி மாறிக் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். நான் பயந்தது வேறொன்றுக்கு: இரண்டு இனமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன, இப்போது பிடித்துவிடுமோ என்று. ஒன்றையும் தொடவில்லை. இதை வைத்துத்தான் இந்த மீனுக்காக வாதாடுகிறேன். பசியில்லாமல் இருந்திருக்கும் என்பீர்கள், இருக்கலாம். பட்டினி போட்டால் எந்த மீனுக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இதெல்லாம் லண்டன் அத்தானுக்குப் புரியாது. விடுமுறைக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு இதுக்கோ காசு குடுத்தனீ? புறாத்தீவில ரெண்டைப் பிடிச்சுக் கொண்டுவந்து விடன்" என்றார். திருகோணமலைக் கடலிலுள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. அங்கே மீன் பிடிப்பது குற்றம் என்று சொன்னால் சிரிக்கிறார். வெளிநாட்டில் சிவப்பு விளக்குக்கு நின்று போகிற மனுசர், இங்கே பவளப்பாறை மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார். படகில் கூட வந்தவர்களும் அப்படித்தான். சொன்னால் நான்தான் பெரிய மனுசன் மாதிரிக் கதைக்கிறேனாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிக்லிட் குஞ்சு பிழைக்காதே என்று யாராவது கீழே எழுதுவார்கள். தாயோடு அடியில் நிற்கும் வரை குஞ்சுக்குப் பெரிய ஆபத்தில்லை, மேலே ஏறத் தொடங்கினால் போகும். வளர்த்து விற்கிற எண்ணம் இருந்தால் தனித் தொட்டி வையுங்கள். பார்த்து ரசிக்க என்றால் மேலே மிதக்கும் செடி கொஞ்சம் போட்டு, ஃபில்டர் ஓட்டத்தைக் குறைத்து, ஒரேயொரு பட்டர்ஃப்ளையை விடுங்கள்.